ஒன்றரை ஏக்கரில் நெல், மாடு, மீன், கோழி: கடலூர், புதுச்சேரி விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கத்திலும் சிறு விவசாயிகளோடு உட்கார்ந்து பேசினால் ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதனால் எல்லாப் பதிலும் ஒன்று, ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரை மனதில் வைத்தே எழுதியது.

எங்களிடம் மாடு இருக்கிறது, நாலு கோழி இருக்கிறது, நெல்லும் போடுகிறோம். இதுவே ஒருங்கிணைந்த பண்ணையம்தானே?

பாதி வந்துவிட்டீர்கள். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி போதும்: ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குப் போய்ச் சேருகிறதா?

நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அறுவடை முடிந்த அன்றே வைக்கோலைக் கட்டுப் போட்டு லாரிக்காரரிடம் வயலிலேயே விற்றுவிடுகிறோம். சித்திரை, வைகாசியில் மாட்டுக்குத் தீவனம் இல்லாமல் அதே வைக்கோலைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். சாணம் தெருவோரக் குவியலில் கிடந்து ஐப்பசி மழையில் கரைந்து ஓடுகிறது. அதே மாதத்தில் யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறோம். மாடும் நெல்லும் ஒரே வீட்டில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று உதவி இல்லை.

வைக்கோலும் பசுந்தீவனமும் மாட்டுக்கு, சாணம் எருக்குழிக்கும் குளத்துக்கும், குளத்து வண்டல் வரப்புக் காய்கறிக்கும் வாழைக்கும், காய்கறிக் கழிவு திரும்பக் கோழிக்கும் மாட்டுக்கும் என்று போகத் தொடங்கும்போதுதான் வெளியிலிருந்து வாங்கும் செலவு இறங்கும். சிறு விவசாயிக்கு முதல் லாபம் அந்த இறங்கிய செலவுதான். வருமானம் கூடுவது அதற்கு அப்புறம் வரும்.

இன்னொரு விஷயம் பணம் வரும் நாள். சம்பா நெல்லை நம்பியிருக்கும் குடும்பத்துக்குக் கையில் காசு வருவது தையிலோ மாசியிலோ ஒருமுறை. ஆனால் மளிகை, பள்ளிக்கூடம், மருந்து, மொய் எல்லாம் மாதாமாதம் வருகின்றன. இடைப்பட்ட மாதங்களைக் கந்துவட்டியில் ஓட்டுவதால்தான் நல்ல மகசூல் எடுத்த வருடத்திலும் வீட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பாலுக்கு வாரமோ பத்து நாளோ கழித்துப் பணம், முட்டைக்கு அன்றன்றே, கீரை, வெண்டைக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஆட்டுக்குட்டிக்கு அவசரத்தில், மீனுக்கு வருடத்தில் ஓரிரு தடவை. இந்த வரிசை அமைந்தாலே கடன்காரர் வீட்டுப் படி ஏறுவது குறையும். நான் இந்த முறையை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

சரி, எதில் தொடங்குவது?

புல்லில்.

கூட்டத்தில் இந்தப் பதிலைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். குளம், கூண்டு, கொட்டகை என்று ஏதாவது பெரிதாக எதிர்பார்ப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பினப் பசு. லிட்டர் 36 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; 288 ரூபாய். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, பாலுக்கு மூன்று கிலோ என்று நாலரைக் கிலோ அடர்தீவனம் வேண்டும். கிலோ 30 ரூபாய் என்றால் 135 ரூபாய். மீதி 153. வைக்கோலும் பசும்புல்லும் விலைக்கு வாங்கினால் அதில் நூறு ரூபாய் அங்கேயே போய்விடும். மிச்சம் ஐம்பது ரூபாயைச் சினை ஊசி, வைத்தியம், பால் வற்றிய இரண்டு மூன்று மாதத் தீனி எல்லாம் சேர்ந்து விழுங்கிவிடும். அப்போது மாடு குடும்பத்தைக் காப்பாற்றவில்லை, குடும்பம்தான் மாட்டைக் காப்பாற்றுகிறது. புல் சொந்தமாக இருந்தால் அந்த நூறு ரூபாய் வீட்டிலேயே நிற்கும்.

ஒரு மாட்டுக்கு நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் தேவை. கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பத்து சென்ட் இருந்து, போர் தண்ணீரும் கொட்டகை கழுவிய தண்ணீரும் போனால் ஒரு மாட்டுக்குத் தாராளமாகக் காணும். கரணை நட்ட எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்பு, பிறகு நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை. பத்து சென்டையும் ஒரே நாளில் அறுக்காமல் பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தினம் ஒரு பாத்தி அறுத்தால் வருடம் முழுக்கக் கைக்கு எட்டும். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் வையுங்கள். புரதம் அதில் கிடைக்கும், புண்ணாக்குச் செலவு குறையும். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்தில் நேப்பியர் அழுகிவிடும். அங்கே நீர்ப்புல் நிற்கும்.

புல் தயாரான பிறகு மாடு வாங்குங்கள். மாட்டை வாங்கிக் கட்டிவிட்டுப் புல்லுக்கு அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஒரு மாட்டுச் சாணம் வைத்துக்கொண்டு உரச் செலவையே நிறுத்திவிடலாமா?

முடியாது. அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஒரு மாடு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ சாணம் போடும். வருடத்துக்கு நாலு டன்னுக்கு மேல் வந்தாலும் மக்கும்போது பாதியாகக் குறையும். ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய எரு என்பது பொதுவான பரிந்துரை. அப்படியென்றால் ஒரு மாட்டின் எரு அரை ஏக்கருக்குத்தான் வரும். மீதிக்குத் தக்கைப்பூண்டு, கொழுஞ்சி போன்ற பசுந்தாள் உரம் விதைத்து மடக்கி உழலாம். நெல் தரிசில் உளுந்து போடலாம். அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடையும் வாத்துக் கூட்டமும் வயலில் இறங்குவது நம் பக்கத்தில் பழைய பழக்கம். மந்தை ஓட்டி வரும் கீதாரிகளிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் இரண்டு மூன்று இரவு கிடை போட்டுத் தருவார்கள். இவ்வளவு செய்தாலும் முதல் ஓரிரு வருடம் கொஞ்சம் ரசாயன உரம் தேவைப்படும். மண் மாதிரி எடுத்துச் சோதித்துவிட்டு அதன்படி படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

எருக்குழிக்கு மேலே கீற்றுக் கூரை போடுங்கள். சாணத்தோடு மாட்டு மூத்திரம் ஊறிய வைக்கோலும் கட்டாயம் குழிக்குள் போக வேண்டும். தழைச்சத்து அதில்தான் அதிகம். வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் குவியலில் சத்து பாதிகூடத் தங்காது.

நெல் வயலில் மீன் விடுவது நம் பக்கத்தில் நடக்குமா? எப்படி?

நடக்கும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், புவனகிரி, பாகூர் போன்ற களிமண் பகுதியில் இது நன்றாகவே வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தினர் நெல், மீன், கோழி மூன்றையும் ஒரே வயலில் சேர்க்கும் முறையை விவசாயிகளின் நிலத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

முதலில் மண் தண்ணீர் தாங்குமா என்று பாருங்கள். மூன்றடி ஆழத்தில் இருந்து ஈர மண்ணை எடுத்து உருண்டை பிடித்து மேலே எறிந்து பிடியுங்கள். உருண்டை உடையாமல் கைக்கு வந்தால் நம்பிக்கையோடு வெட்டலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த இடம் வேண்டாம்.

ஏக்கருக்குப் பத்து சென்ட் அளவுக்குப் பள்ளம் ஒதுக்குங்கள். வயலின் தாழ்வான பக்கத்தில் வரப்பை ஒட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் கால்வாய்போல வெட்டி, வெட்டிய மண்ணை வரப்பில் ஏற்றி மூன்று நான்கடி அகலமாக்க வேண்டும். பள்ளத்துக்குப் போன இடத்தை அகலமான வரப்பு திருப்பிக் கொடுக்கும்: வெண்டை, கத்தரி, முருங்கை, பப்பாளி, வாழை, ஓரத்தில் உளுந்து. வரப்பு உளுந்தில் பொறிவண்டும் சிலந்தியும் தங்கி நெல்லுக்கு வரும் பூச்சியைத் தின்னும்.

நடவு செய்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, பயிர் வேர் பிடித்த பிறகு, விரல் நீளக் குஞ்சுகளை விடுங்கள். ஏக்கருக்கு ஆயிரத்து ஐந்நூறில் இருந்து இரண்டாயிரம் போதும். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை எல்லாம் விடலாம். புல்கெண்டை இளம்பயிரையே மேய்ந்துவிடும். நெல் வயலில் அது வேண்டாம். விரால் மற்றக் குஞ்சுகளைத் தின்றுவிடும். யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு தருகிறேன் என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதை வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது. தப்பி ஏரிக்குப் போனால் நம் நாட்டு மீன்களை அழித்துவிடும்.

மடைவாய்தான் இந்த முறையின் உயிர். தண்ணீர் வரும் வழி, போகும் வழி இரண்டிலும் நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, முன்னால் மூங்கில் பட்டைத் தட்டி வையுங்கள். தட்டி இல்லாவிட்டால் வாய்க்காலில் வரும் வெங்காயத்தாமரையும் சம்பும் வலையில் அடைத்து, தண்ணீர் வரப்பைத் தாண்டிவிடும். தினம் காலையில் ஒரு சுற்று நடந்து நண்டு வளைகளைக் காலால் மிதித்து மண் அடையுங்கள். கட்டைவிரல் அளவு வளை ஒன்று ராத்திரியில் ஒரு முழம் வரப்பைக் கரைத்துவிடும். விடியும்போது உங்கள் மீன் பக்கத்து வயலில் இருக்கும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். ஐந்து மாதச் சம்பாவில் மீன் கால் கிலோவில் இருந்து நானூறு கிராம் வரைதான் வரும். கிலோ மீன் வேண்டும் என்றால் நெல் அறுத்த பிறகும் பள்ளத்தில் தண்ணீர் நிறுத்தி வளர்க்க வேண்டும்.

மீன் வயலில் பூச்சி மருந்து அடிக்கலாமா?

சைபர்மெத்ரின், லாம்ப்டா போன்ற மருந்துகள் நெல்லுக்குக் கொடுக்கும் அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். மீன் விட்ட வயலில் முதல் இரண்டு மாதம் வேப்பங்கொட்டைக் கரைசல், விளக்குப் பொறி, பறவை குந்தக் குச்சி, பூச்சி முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவியின் ஒட்டுண்ணி அட்டை என்று ஓட்டுவதுதான் முறை. தவிர்க்கவே முடியாமல் மருந்து அடித்தால், வயல் தண்ணீரை மெதுவாக வடித்து மீனைப் பள்ளத்துக்கு இறக்கிவிட்டு அடியுங்கள். அடித்த தண்ணீரைப் பள்ளத்துக்குள் விடாதீர்கள். பக்கத்து வயல்காரர் அடிப்பதுதான் பெரிய ஆபத்து. அவரிடம் நாற்று விடும்போதே பேசிவிடுங்கள். ஒரு கிலோ மீன் கொடுத்துப் பேசினாலும் தப்பில்லை.

சாணம் எவ்வளவு போட்டால் மீன் சாகும்?

அளவுக்கு ஒரு சுலபமான வழி: காலை பத்து மணி வாக்கில் குளத்தில் இறங்கி, உள்ளங்கையை மேலே பார்த்து விரித்தபடி முழங்கை வரை தண்ணீருக்குள் நீட்டுங்கள். தண்ணீர் பச்சையாக இருந்து, முழங்கை மூழ்கும் நேரத்தில் கை மங்கினால் சரியான அளவு. மணிக்கட்டு நனையும்போதே விரல்கள் மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது. சாணத்தையும் கோழி எருவையும் உடனே நிறுத்துங்கள். முழங்கை தாண்டியும் விரல் தெளிவாகத் தெரிந்தால் எரு போதவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் காற்று இல்லை என்று அர்த்தம். மூட்டம் போட்ட ஐப்பசி, கார்த்திகை நாட்களில் இது அடிக்கடி வரும். புதுத்தண்ணீர் விடுங்கள். இல்லையென்றால் மோட்டார் வைத்து அந்தத் தண்ணீரையே இறைத்துக் குளத்தில் உயரத்தில் இருந்து கொட்டுங்கள். அன்றைக்கு எந்த எருவும், தீனியும் வேண்டாம்.

கோழிக்கூண்டைக் குளத்துக்கு மேலேயே கட்டலாம் என்கிறார்களே?

எச்சம் நேராகத் தண்ணீரில் விழும், சுமக்கும் வேலை இல்லை, தீனியில் சிந்துவதும் மீனுக்குப் போகும். முறையாகச் செய்தால் நல்ல பலன் உண்டு. ஆனாலும் சிறு விவசாயிக்கு நான் முதலில் சொல்வது, கோழியை வீட்டோரம் வைத்து எச்சத்தை மக்கவைத்து எடுத்துப் போகச் சொல்வதுதான். வயல் வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கீரி, நாய், திருட்டு மூன்றுக்கும் ராத்திரிக் காவல் யார்? கூண்டுதான் வேண்டும் என்றால் பதினைந்து இருபது கோழியோடு நிறுத்துங்கள். மீன் பிடிப்பதற்குப் பதினைந்து நாள் முன்னால் கூண்டை நகர்த்திவிடுங்கள். வாங்குபவர் சாப்பிடும் பொருள் அது.

நாட்டுக்கோழியில் பெரிய எதிரி வெள்ளைக்கழிச்சல் நோய். கூண்டு கட்ட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் தடுப்பு மருந்துக்கு ஆவது ஒன்றுமே இல்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி. ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி, மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்கம். இவற்றை வீட்டுக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு வருடமும் வெள்ளம் வருகிறதே, போட்ட பணம் போய்விடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இங்கே யாரும் பண்ணையம் தொடங்கக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர், டிசம்பரில் மழை வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். தொடர்ந்து சாத்தனூர் அணையில் இருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, கரையோர ஊர்களை மூழ்கடித்தது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை ஆறு கடலில் சேரும் மாவட்டம் இது. தண்ணீர் வரும். வரும் என்று வைத்தே கட்ட வேண்டும்.

கொட்டகைத் தரையை ஊரில் பெரியவர்கள் நினைவில் உள்ள உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு ஓர் அடி மேலே வையுங்கள். குளம் வெட்டிய மண் இருக்கிறதே, அதை விற்காதீர்கள். அந்த மண்தான் உங்கள் மேடு. குளக்கரையைச் சுற்றி மூன்றடி உயரத்துக்கு வலை கட்டுவதற்குக் கம்பு நட்டு, புரட்டாசிக் கடைசியிலேயே வலையைத் தயாராக வையுங்கள். வைக்கோல் போரை மேட்டில் போட்டுத் தார்ப்பாய் கட்டுங்கள். தாழ்வான வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம் பொருத்தம். இரண்டு வாரம் வரை முழுகினாலும் மீண்டுவரும் குணம் அதற்கு இருக்கிறது. விதைக்கும்போது வயது நூற்று ஐம்பத்தைந்து நாளுக்கு மேல் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்தால் விவசாயி பங்கு சம்பாவில் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். மாட்டுக்கும் காப்பீடு எடுங்கள், அடையாளத்துக்கு மாட்டின் காதில் போடும் தோட்டைப் பத்திரமாகப் பாருங்கள். தோடு இல்லாமல் இழப்பீடு கேட்பது கஷ்டம்.

இன்னொன்று. புயல் எல்லாவற்றையும் ஒரே அளவில் அடிப்பதில்லை. நெல் போன வருடம் மாடு நின்றிருக்கும். மீன் போன வருடம் ஆட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போயிருப்பீர்கள். பலவற்றை வைத்திருப்பதில் உள்ள பெரிய பாதுகாப்பு அது.

நாங்கள் பண்ருட்டி பக்கம், செம்மண். குளமெல்லாம் தண்ணீர் நிற்காது. எங்களுக்கு என்ன?

மீனை மறந்துவிடுங்கள், ஆடு, தேனீ, மரம், மணிலா (நிலக்கடலை) என்று யோசியுங்கள். முந்திரி பூக்கும் காலத்தில் தோப்பில் நாலு தேன் பெட்டி வைத்தால் தேனும் கிடைக்கும், காய்ப்பும் கூடும். அந்த நேரத்தில் மருந்து அடிப்பதாக இருந்தால் சாயந்திரம், தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடியுங்கள். ஒட்டுக்கன்று நட்ட முதல் மூன்று நான்கு வருடம் ஊடே மணிலா, உளுந்து, காராமணி போடலாம். ஆடுகளை அந்த வயதில் தோப்புக்குள் விடாதீர்கள். கட்டிப்போட்டு, மணிலாக்கொடியும் அகத்தியும் போட்டு வளருங்கள். மரம் தலைக்கு மேல் போன பிறகு மேயவிடலாம். பலாவில் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களும், முந்திரியிலும் மணிலாவிலும் விருத்தாசலம் நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்களும் உங்கள் மண்ணைப் பார்த்தே எடுத்தவை. பலாச்சுளை விற்ற பின் மிஞ்சும் சடையும் தோலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல தீனி. சாலையோரத்தில் கொட்டி அழுகவிட வேண்டாம்.

கரும்பு போடுபவர்களுக்கு?

சோகையை (காய்ந்த கரும்புத் தோகையை) எரிக்காமல் வரிசைக்கு நடுவில் பரப்பி மக்கவிடுங்கள், நுனிப்பச்சையான கொழுந்தாடையை மாட்டுக்குக் கொடுங்கள், முதல் மூன்று மாதம் ஊடுபயிராக உளுந்து போடுங்கள். கரும்பில் இவ்வளவு போதும்.

நிலம் குத்தகை. குளம் வெட்டினால் நிலக்காரர் சம்மதிக்க மாட்டார்.

அப்படியானால் தூக்கிக்கொண்டு போகக்கூடியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடு, கோழி, வாத்து, தார்ப்பாய்த் தொட்டியில் மண்புழு உரம், ஓலைக் குடிசையில் சிப்பிக்காளான். காளானுக்கு வேண்டியது வைக்கோல்தான்; வித்துப் போட்ட மூன்று நான்கு வாரத்தில் முதல் அறுவடை வந்துவிடும், அறுத்து முடிந்த வைக்கோல் எருக்குழிக்குப் போகும். நிலமே இல்லாத குடும்பங்களுக்கும் இது வழி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் புதுச்சேரிக் கிராமங்களில் நடத்திய பயோ வில்லேஜ் திட்டத்தில் நிலமற்ற பெண்கள் காளான் வளர்ப்பு, கறவை மாடு போன்ற தொழில்களைத்தான் எடுத்துச் செய்தார்கள்.

அசோலா வளர்த்தால் தீவனச் செலவே இருக்காது என்று வீடியோவில் பார்த்தேன்.

அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி. ஆறடிக்கு மூன்றடித் தொட்டியில் நாளுக்கு அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை கிடைக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கோழிக்கும் வாத்துக்கும் அருமையான பச்சைத்தீனி, மாட்டுக்குத் தொட்டுக்கொள்ளலாம். அதை நம்பி மாடு வாங்க முடியாது. கத்திரி வெயிலில் நிழல் இல்லாவிட்டால் கருகியும் போகும்.

இவ்வளவு வேலையை யார் பார்ப்பது?

இதை ஆண்கள் கேட்பது குறைவு. கூட்டம் முடிந்த பிறகு அக்காமார்கள் தனியாக வந்து கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஒரு மாடு, ஐந்து ஆடு, இருபது கோழி, ஒரு குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் சாணம் அள்ளிக் கொட்டகை கழுவ வேண்டும், கறந்து பால் சொசைட்டிக்கு அனுப்ப வேண்டும், கோழி திறந்துவிட வேண்டும், புல் அறுத்துச் சுமந்து வர வேண்டும், மதியம் தண்ணீர் காட்ட வேண்டும், மறுபடி கறவை, சாயந்திரம் கோழி அடைக்க வேண்டும். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் மேல் இத்தனையும், பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில் விழுகிறது. திட்ட அறிக்கையில் ‘குடும்ப உழைப்பு’ என்று எழுதி, எதிரே செலவு பூஜ்யம் என்று போட்டுவிடுகிறார்கள். அந்தப் பூஜ்யத்தை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வேலைக்கும் நாள் கூலி போட்டுக் கணக்குப் பார்த்து, அப்படியும் மிஞ்சினால்தான் அது வருமானம்.

அதனால் வருடத்துக்கு ஒன்று மட்டும் சேருங்கள். முதல் வருடம் புல்லும் எருக்குழியும் மாடும். அது பழகி, யார் எதைச் செய்வது என்று வீட்டில் பிரித்துக்கொண்ட பிறகு கோழி. அப்புறம் குளம். புல்வெட்டும் கருவி, கொட்டகை வரை குழாய் இரண்டும் கூடுதல் மாட்டைவிட முதலில் வாங்க வேண்டியவை. பால் பணம் கறப்பவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

இரண்டு மூன்று மாடு ஆன பிறகு ஒரு கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் போடலாம். நாளுக்கு 25 கிலோ சாணம் அதற்கு வேண்டும். விறகுப் புகை இல்லாத அடுப்பு கிடைக்கும், வெளிவரும் கரைசல் நேராகப் புல்லுக்குப் பாயும்.

கடன், மானியம் எப்படி?

கிசான் கிரெடிட் கார்டு இப்போது பயிருக்கு மட்டும் இல்லை. மாடு, கோழி, மீன் வளர்ப்பின் நடைமுறைச் செலவுக்கும் உண்டு. தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். மீன்குளத்துக்கு 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீத மானியம். தமிழ்நாட்டில் உழவன் செயலியில் பதிந்துகொள்ளுங்கள், உதவி வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் வரும். அதை நம்பி வெளியில் வட்டிக்கு வாங்கிக் குளம் வெட்டாதீர்கள்.

நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள எங்கே போவது?

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், காய்கறிக்குப் பாலூர், நெல்லுக்கும் மீனுக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உள்ள அண்ணாமலை நகர். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட் காமராசர் வேளாண் அறிவியல் நிலையமும், அதே ஊரில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும். பயிற்சிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். போகும்போது உங்கள் மண்ணையும் போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் எடுத்துப் போங்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்; உப்புத் தண்ணீரில் எது நிற்கும் என்பது தனிக் கணக்கு.

எல்லாம் விளைந்துவிட்டது. யாரிடம் விற்பது?

கடலோர மாவட்டத்தில் ஏரி மீனுக்கு விலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கடல் மீன் நிறைய வரும் மாதங்களில் அது உண்மைதான். ஆனால் வருடந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் வரத்துக் குறையும்; அப்போது உயிரோடு துள்ளும் கெண்டைக்குக் குளக்கரையிலேயே ஆள் வரும். பள்ளத்தில் தண்ணீர் நிறுத்த முடிந்தவர்கள் தையில் எல்லா மீனையும் பிடித்துவிடாமல், பாதியை அதுவரை வைத்திருங்கள். பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே பால் சொசைட்டி வாசலில் சொல்லி வையுங்கள். வலை வீசும் நாளில் தராசும் பெரிய அண்டாவில் தண்ணீரும் போதும், வியாபாரி தேவையில்லை.

கோழிக்கும் இப்படி ஒரு காலண்டர் உண்டு. புரட்டாசியில் பாதி ஊர் கறி சாப்பிடாது, விலை விழும். தீபாவளிக்கு ஏறும். நாட்டுக்கோழி ஒன்றேகால் கிலோ வர நான்கு மாதமாவது ஆகும் என்பதால், தீபாவளிக்கு விற்க வேண்டிய கோழிக்கு வைகாசியிலேயே முட்டையை அடை வைத்திருக்க வேண்டும்.